காப்பிக்கொட்டைக்குப் புது மணம் ஏற்றுவது எந்தக் கட்டத்தில்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பச்சைக் காப்பிக்கொட்டையை ஒரு முறை ஆரஞ்சுச் சாற்றிலும், இன்னொரு முறை ரோஜா இதழ் ஊறிய நீரிலும் ஓர் இரவு முழுக்கப் போட்டு வைத்து, உலர்த்தி, வீட்டிலேயே வறுத்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் குவளையில் ஆரஞ்சும் வரவில்லை, ரோஜாவும் வரவில்லை. லேசான கருகல் வாடை மட்டும் மிஞ்சியது. இன்னும் அதிக நேரம் ஊறவைக்க வேண்டுமா, மிளகாய், காளான், மரப்புகை போன்றவற்றையும் இதே வழியில் ஏற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள். ஊன்றிப் பார்த்தால், எவ்வளவு நேரம் என்பதைவிட எந்தக் கட்டத்தில் என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். நான் உணவு வேதியியல் படித்தவன். 12 ஆண்டுகளாகச் சிறிய அளவில் கொட்டை வறுத்து வருகிறேன். செய்த சோதனைகள் பெரும்பாலும் 200 கிராம், அரைக் கிலோ அளவிலானவை. டன் கணக்கில் மணமேற்றும் ஆலைகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வறுப்பதற்கு முன் ஏற்றிய மணம் ஏன் நிற்பதில்லை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆரஞ்சுத் தோலின் மணத்துக்கு முக்கியக் காரணமான லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கொட்டை முதல் வெடிப்புக்கு, அதாவது வறுபடும்போது முதன்முறையாகப் படபடவென்று வெடிக்கும் கட்டத்துக்கு, வரும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 196 முதல் 205 டிகிரி வரை போய்விடுகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டு, கொதிநிலை அதிகமுள்ள மணப்பொருளைத் தேர்ந்தெடுத்தால் தப்பித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிலைமை அதைவிட மோசம். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை ஈரம் இருக்கிறது. ஊறவைத்த கொட்டையில் அது பல மடங்கு. அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும்போது, தன் கொதிநிலைக்கு மிகக் கீழே இருக்கும் மணப்பொருள்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பூவிலிருந்தும் இலையிலிருந்தும் நறுமண எண்ணெயை நீராவி கொண்டு வடிப்பது இந்தத் தத்துவத்தின்படிதான். ஆகவே ஈரக் கொட்டையை வறுக்கும்போது நீங்கள் செய்வது ஏறக்குறைய ஒரு வடிப்பு வேலை. வறுக்கும்போது அறை முழுக்க ஆரஞ்சு மணத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது கொட்டையைவிட்டு வெளியேறிய மணம்.

கருகல் வாடைக்குக் காரணம் வேறு. பழச்சாற்றில் உள்ள சர்க்கரை கொட்டையின் மேல்தோலில் படிந்து, உள்ளே இருக்கும் பருப்பு வெந்து வருவதற்கு வெகு முன்பே கருகத் தொடங்கிவிடும். பழங்களில் நிறைய உள்ள ஃபிரக்டோஸ் 110 டிகிரி அருகிலேயே நிறம் மாற ஆரம்பிக்கும். இதோடு, ஊறவைத்த நீர் காலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொட்டையின் சொந்தச் சரக்கு கரைந்து போனதன் அடையாளம் அது. அரபிக்கா என்ற காப்பி வகையின் கொட்டையில் 6 முதல் 9 சதவீதம் வரை இருக்கும் சுக்ரோஸ், குளோரோஜெனிக் அமிலங்கள், காஃபீன் ஆகிய எல்லாமே நீரில் கரையக்கூடியவை. நீரைக் கொண்டு காஃபீனை நீக்கும் முறையில், மற்றச் சத்துகள் கரைந்துவிடக் கூடாது என்பதற்காகவே, அந்தச் சத்துகள் முன்பே நிறைந்திருக்கும் பச்சைக் கொட்டைச் சாற்றில் கொட்டையை ஊறவைக்கிறார்கள். வெறும் நீரில் ஓர் இரவு ஊறிய கொட்டை தன் இனிப்பிலும் புளிப்பிலும் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நிற்காத ஒரு மணத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டு இரவு ஊறவைத்தால் நட்டம் இன்னும் கூடும், அவ்வளவுதான். மறுபடி உலர்த்தி, எடை பழைய அளவுக்கு வந்ததும் ஈரமும் பழைய அளவுக்கு வந்துவிட்டதாக எண்ணுவதும் பிழை. கரைந்து போன பொருளின் எடையை ஈடுசெய்யும் அளவுக்கு உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். அந்தக் கொட்டை வெளியே கறுத்து உள்ளே வேகாமல் வறுபடும்.

அப்படியானால் விஸ்கி பீப்பாயில் வைத்த கொட்டை, பழத்தோடு புளிக்கவைத்த கொட்டை என்றெல்லாம் விற்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். பீப்பாய் முறையில், காலியான மதுப் பீப்பாயில் பச்சைக் கொட்டையை வாரக்கணக்கில் போட்டு, அவ்வப்போது உருட்டிவிடுகிறார்கள். அங்கே கொட்டை நீரில் மூழ்குவதில்லை. மரத்தின் ஈரத்தையும் மணத்தையும் மெல்ல உறிஞ்சுகிறது. சாராயம் 78 டிகிரியில் கொதிப்பது. வறுப்பில் அது போய்விடும். ஓக் மரத்திலிருந்து வரும் வனிலின் போன்ற கனமான பொருள்களில் ஒரு பகுதி, இளவறுப்பாக இருந்தால், எஞ்சி நிற்கும். வனிலினின் கொதிநிலை 285 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். கரும்வறுப்புக்குப் போனால் பீப்பாய்க்குக் கொடுத்த காசு புகையாகிவிடும் என்பது என் சொந்தக் கணிப்பு.

பழத்தோடு புளிக்கவைப்பது இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அது தோட்டத்தில், பறித்த காப்பிப் பழத்தின் கொழகொழப்பான சதை இன்னும் கொட்டையோடு ஒட்டியிருக்கும்போது நடப்பது. கொலம்பியாவில் இப்போது பல தோட்டங்கள் இப்படிச் செய்கின்றன. 2015இல் சியாட்டிலில், காப்பி தயாரிப்பவர்களுக்காக நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாஷா செஸ்டிச், கரியமில வாயு நிரப்பிய மூடிய தொட்டியில் புளித்த காப்பியைக் கொண்டு பட்டம் வென்ற பிறகு, தொட்டிப் புளிப்பின் மீது உலகெங்கும் கவனம் திரும்பியது. அவர் செய்தது திராட்சை மதுத் தொழிலிலிருந்து எடுத்த முறை. பழம் எதுவும் சேர்க்காதது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பழம் சேர்த்த காப்பியில் வரும் சுவையில் எவ்வளவு அந்தப் பழத்தினுடையது, எவ்வளவு ஈஸ்ட்டின் வேலை என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எப்படியானாலும் உங்கள் கைக்கு வரும் பச்சைக் கொட்டை சதை நீங்கி, காய்ந்து, தொழில் முடிந்து வந்தது. வீட்டில் அதை நனைத்து மீண்டும் புளிக்கவைக்கப் பார்ப்பது பூஞ்சைக்குத்தான் விருந்தாகும்.

ஆக, மணமேற்ற ஏற்ற காலம் வறுத்த பின்புதான். வறுபட்ட கொட்டை முன்பிருந்த கொட்டை அல்ல. எடையில் 12 முதல் 20 சதவீதம் வரை இழந்து, பருமனில் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ பெருத்து, உள்ளெல்லாம் நுண்துளைகளோடு கிட்டத்தட்டக் கடற்பஞ்சு போல ஆகியிருக்கும். அரபிக்காவில் ஏறத்தாழ 15 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. மணப்பொருள்களில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைபவை. நுண்துளை வழியே நுழைந்த மணத்தை அந்த எண்ணெய் பிடித்து வைத்துக்கொள்கிறது. காப்பிப் பொடியை எந்த வாசனைக்குப் பக்கத்தில் வைத்தாலும் அது ஒட்டிக்கொள்கிறதே என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறோம் அல்லவா, அந்தக் குறையைத்தான் இங்கே நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். நடுத்தரத்துக்குச் சற்று இளைய வறுப்பில் 400 கிராம் கொட்டையை எடுத்து, ஒரு நாள் மூச்சுவிட வைத்து, ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டிகள் இரண்டில் 200 கிராம் வீதம் போடுகிறேன். ஒன்றில் எதுவும் சேர்ப்பதில்லை. மற்றதில், நன்றாகக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் 20 கிராமை மெல்லிய துணியில் முடிந்து கொட்டையின் நடுவே புதைத்து வைக்கிறேன். தோலின் உட்புற வெள்ளைப் பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வளைத்தால் சட்டென்று ஒடியும் பதத்துக்குக் காயவைத்திருக்க வேண்டும். பச்சைத் தோல்தான் மூக்கைத் துளைக்கும். ஆனால் வறுத்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு என்பதால் அது அந்தத் தோலின் ஈரம் முழுவதையும் குடித்து, இரண்டே நாளில் சக்கையாகி, அட்டை போன்ற சுவைக்கு வந்துவிடும். முதன்முதலில் நான் செய்த தவறு இதுதான். மூன்றாம் நாள் புட்டியைத் திறந்தபோது மணம் அபாரமாக இருந்தது. கொட்டையைப் பல்லில் கடித்தால் நொறுங்கவில்லை, ரப்பர் போல அமுங்கியது. அன்றிலிருந்து, புட்டிக்குள் போகும் எந்தப் பொருளையும் முதலில் ஒடித்துப் பார்க்கிறேன்.

புட்டியை இருட்டில் வைத்து, நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து மூடிக் குலுக்கிவிட வேண்டும். குலுக்குவதைவிடத் திறப்பது முக்கியம். புதிதாக வறுத்த கொட்டை நாட்கணக்கில் கரியமில வாயுவை வெளிவிடும். இறுக மூடிய கண்ணாடியில் அழுத்தம் கூடினால் மூடி தெறிக்கவோ புட்டி விரியவோ கூடும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துப் பன்னிரண்டு கிராம் எடுத்து அரைத்துக் குடித்துப் பாருங்கள். என் கையில் ஆரஞ்சு மூன்றாம் நாளும், பட்டை இரண்டாம் நாளும், ரோஜா ஐந்தாம் நாளும் சரியான அளவுக்கு வந்தன. இந்த நாள் கணக்கை விதியாகக் கொள்ள வேண்டாம். கொட்டையின் வறுப்பும் அறையின் வெப்பமும் மாறினால் இதுவும் மாறும். கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும்போது மணம் உள்ளே போகாது என்று சொல்பவர்கள் உண்டு. அதனால்தான் நானும் ஒரு நாள் காத்திருக்கிறேன். ஆனால் காத்திருந்ததற்கும் காத்திராததற்கும் குவளையில் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை.

இனி நீங்கள் கேட்ட விசித்திரச் சுவைகளுக்கு வருகிறேன். இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம். மூடிய புட்டியில் காற்று வழியாகக் கொட்டைக்குள் போவது மணம் மட்டுமே. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, காரம் ஆகியவற்றுக்குக் காரணமான பொருள்கள் பெரும்பாலும் அறை வெப்பத்தில் ஆவியாவதில்லை. ஆகவே காய்ந்த மிளகாயைக் கொட்டையோடு ஒரு வாரம் வைத்தாலும், மிளகாயின் அந்த உலர்ந்த பழ வாசனை வருமே தவிரக் காரம் துளியும் வராது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் அப்படியே மிளகாயில் தங்கிவிடும். காரம் வேண்டுமானால் அரைக்கும்போது ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைச் சேர்ப்பதே நேர்வழி. மிளகாயில் ஊறிய பச்சைக் கொட்டையை வறுக்க மட்டும் முயலாதீர்கள். அந்தப் புகையில் வீட்டில் ஒருவரும் நிற்க முடியாது.

காளானும் இதே கதைதான். அதன் மண்வாசனைக்குக் காரணமான பொருள் ஆவியாகக்கூடியது, கொட்டைக்குள் போகும். நாவில் நிற்கும் சாறு போன்ற சுவைக்குக் காரணமான குளுட்டமேட் போகாது. எனவே காளானின் முதுகெலும்பான சுவை இல்லாமல் அதன் வாசனை மட்டும் வந்து நிற்கும். நான் இரண்டு முறை செய்து பார்த்தேன். ஒரு நாள் வைத்ததில், மழை பெய்த தரை போன்ற நல்லதொரு சாயல் கிடைத்தது. மூன்று நாள் வைத்தது, பூசணம் பிடித்த கொட்டை என்று நண்பர்களால் ஒதுக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

எந்த மணம் காப்பியோடு இழையும், எது ஒட்டாமல் மேலே மிதக்கும் என்பதைக் கணிக்க எனக்கு உதவிய ஒரு வழி, காப்பியில் ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்ப்பது. வறுத்த காப்பியில் 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். மரப்புகைக்கு அதன் தன்மையைத் தரும் குவாயகால் அவற்றில் ஒன்று, வனிலின் ஒன்று. ரோஜா எண்ணெயில் மிகச் சிறிய அளவிலேயே இருந்தும் அதன் மணத்தைத் தூக்கிப் பிடிக்கும் டமாசினோன் என்ற பொருளும் காப்பியில் உண்டு. ரோஜா காப்பிக்குப் பொருந்தாது என்று முகம் சுளிப்பவர்கள்கூட, பூவாசனை இயல்பாகவே உள்ள எத்தியோப்பியக் கொட்டையில் அளவாக ஏற்றிக் கொடுத்தால், இது கொட்டையின் இயல்பு என்றே எண்ணிக் குடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ரோஜாவைக் கரும்வறுப்பில் ஏற்றினால் சோப்புத் தண்ணீர் போலிருக்கும். பொதுப் பொருள்கள் இருந்தால் பொருந்தும் என்பது நிறுவப்பட்ட விதி அல்ல, தேர்வைச் சுருக்கிக்கொள்ள உதவும் ஓர் அனுமானம்தான்; புதினா இந்தக் கணக்கில் சேராமலேயே பலருக்குப் பிடித்துப்போகிறது.

மரப்புகைக்கு நாட்கள் தேவையில்லை, நிமிடங்கள் போதும். அடுப்பை அணைத்துக் குளிர்ந்த நிலையில், கைப்பிடி மரத்தூளிலிருந்து வரும் மெல்லிய புகையை மூடிய பாத்திரத்தில் கொட்டையின் மேல் 5 நிமிடம் சுழலவிட்டு, திறந்து ஆறவிடுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் போனால் சாம்பல் தட்டைக் குடிப்பது போலாகிவிடும். வண்ணமோ பிசினோ படாத, சமையலுக்கென்று விற்கும் மரத்தூளாக இருக்க வேண்டும்.

மணத்தைத் திரவமாகத் தெளிக்கும் முறையும் உண்டு. கடைகளில் விற்கும் மணமூட்டிய காப்பியில் பெரும்பாலானவை இப்படிச் செய்யப்பட்டவையே. வறுத்து ஆறிய கொட்டையைச் சுழலும் உருளையில் போட்டு, புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற ஒரு கரைப்பானில் கலந்த மணச்சாரத்தைக் கொட்டையின் எடையில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் வரை தெளிக்கிறார்கள். வீட்டில் செய்வதானால், வனிலாக் காயைப் பிளந்து செறிவான சாராயத்தில் சில வாரம் ஊறவைத்து எடுத்த சாரத்தை, 200 கிராம் கொட்டைக்கு 4 மில்லியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கொட்டை கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது சிறு சிறு துளியாகத் தெளித்து, உடனுக்குடன் கிளறி, சாராயம் பறக்கும்வரை ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். இதில் மணம் பலமாக வரும் என்பது உண்மை. மேற்பரப்பில் மட்டும் தங்குவதால் முதல் வாய் அமர்க்களமாக இருந்துவிட்டு, குவளை ஆறும்போது வெறும் காப்பியாகிவிடுகிறது என்பதே எனக்குள்ள மனக்குறை.

நீங்கள் கேட்காவிட்டாலும், பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. பூண்டு, பச்சை இலைகள் போன்றவற்றை எண்ணெயில் ஊறவைத்து அறை வெப்பத்தில் வைத்து, அந்த எண்ணெயைக் கொட்டையில் தடவுவது கூடவே கூடாது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். உடலில் பூசவும் அறையில் மணம் பரப்பவும் விற்கும் நறுமண எண்ணெய்கள் உணவுக்கானவை அல்ல. பூக்கடை ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கும். உண்பதற்கென்று வளர்த்த இதழைத் தேடுங்கள். வனிலாவும் பாதாமும் கலந்தது போல மணக்கும் டோங்கா விதையில், அளவு மிஞ்சினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் மிகுதி. கூமரினை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1954லேயே தடைசெய்துவிட்டது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். குடிப்பதில் அல்ல, அதன் ஆவியைத் தொடர்ந்து மூச்சில் இழுப்பதில்தான் அபாயம். டெக்சாஸில் மணமூட்டிய காப்பி தயாரித்த ஆலை ஒன்றின் தொழிலாளர் இருவருக்கு, 2008க்கும் 2012க்கும் இடையில், மீளாத நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது பதிவாகியிருக்கிறது. வீட்டில் மாதம் ஒருமுறை சில துளி தெளிப்பதை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புட்டியை மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சாதீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்து முடித்தபின், மணம் ஏறியிருக்கிறதா என்பதை உங்கள் நாக்கை மட்டும் நம்பி முடிவுசெய்யாதீர்கள். ஆரஞ்சு போட்டோம் என்று தெரிந்திருந்தால் வெறும் காப்பியிலும் ஆரஞ்சு தெரியும், எனக்கே தெரிந்திருக்கிறது. ஒதுக்கி வைத்த வெறும் கொட்டைப் புட்டியின் பயன் இங்கேதான். மூன்று குவளைகளில் 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் பொடி வீதம் போட்டு, இரண்டில் ஒரு வகையும் ஒன்றில் மற்ற வகையுமாக வையுங்கள். எது எதுவென்று அறியாத ஒருவர், மற்ற இரண்டிலிருந்து வேறுபடும் குவளையைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு முறை செய்து பயனில்லை. குவளைகளின் இடத்தை மாற்றி மாற்றி 10 முறை செய்து, அதில் 7 முறையாவது சரியாக வந்தால், அது தற்செயலாக நடந்திருக்க 100க்கு 2 அளவுக்கே வாய்ப்பு. என்னுடைய முதல் ரோஜாக் கொட்டை இந்தச் சோதனையில் 10க்கு 4 வாங்கியது. அதற்கு முன் ஒரு வாரம் அதைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன்.

கடைசியாக, அரைக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணமேற்றிய கொட்டையை நீங்கள் தினமும் பயன்படுத்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். பற்களுக்கிடையே தங்கும் எண்ணெயும் தூளும் அடுத்த பல நாட்களுக்கு எல்லாக் காப்பியிலும் கலந்து வரும். மூன்று குவளைச் சோதனையும் அதனால் பொய்யாகிவிடும். பட்டையும் புகையும்தான் போக மறுப்பவை. கையால் சுற்றும் சிறிய இயந்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு வகைக்கும் நடுவே கைப்பிடி வெறும் கொட்டையை அரைத்துக் கொட்டிவிட்டு, பற்களைக் கழற்றி உலர்ந்த தூரிகையால் துடைத்து வையுங்கள். ஆரஞ்சை முதலிலும் புகையைக் கடைசியிலும் வைத்துச் சோதித்தால் துடைக்கும் வேலை பாதியாகக் குறையும்.